மானேஜரின் கோட்டு

யுத்த சமயத்தில், பெங்களூர் கம்பெனி ஒன்றுக்குக் குமாஸ்தா எடுக்க மானேஜர் ஒருவர் தர்மபுரிக்கு வந்திருந்தார். இண்டர்வியூவுக்குக் கோட்டு இல்லாதவனை உள்ளேயே விடமாட்டார்கள் என்றார்கள். தையல்கார பாயிடம் ஓடினேன். பட்டன் தைக்க வந்திருந்த கோட்டு ஒன்றை மாட்டிவிட்டு, “ஆளு சாயங்காலந்தான் வருவாரு, அதுக்குள்ள கொண்டாந்துடுங்க தம்பி” என்றார்.

மதியம் தாண்டியும் என்னைக் கூப்பிடவில்லை. உட்கார முடியாமல் இண்டர்வியூ நடந்த இடத்து வராந்தாவில் நடந்தேன். கோட்டுக்காரர் எதிரே வந்துவிட்டால்?

கடைசியில் கூப்பிட்டார்கள். உள்ளே மானேஜர் வெறும் சட்டையோடு உட்கார்ந்திருந்தார். என் கோட்டையே முறைத்தார்.

“உள்பையில கையை வுட்டுப் பாருப்பா.”

ஒரு மூக்குப்பொடி டப்பா வந்தது. அவரிடம் நீட்டினேன்.

“பட்டன் தைக்கக் குடுத்தப்ப மறந்துட்டேன்!” என்று ஒரு சிட்டிகை உறிஞ்சியவர், “கோட்டைக் கழட்டிட்டு உக்காரு, கேள்வி கேக்கறேன்” என்றார்.

வேலை கிடைத்தது. ஆனால் இப்போதெல்லாம் இரவல் துணி என்றால், உடையவர் யாரென்று கேட்டுவிட்டுத்தான் கையை நுழைக்கிறேன்.