கருவாட்டு வீடியோவும் மாதாவிடம் கேட்ட வாயும்

என் வீட்டுக்காரர் சேவியர் பதினெட்டு வருடம் கடலுக்குள் மூழ்கிச் சங்கு எடுத்தவர். போன சித்திரையில் அவருடைய இடது காதுச் சவ்வு கிழிந்தது. இனி மூழ்கினால் வலது காதும் போய்விடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். தருவைகுளத்தில் கடலை விட்டால் அவருக்கு வேறு என்ன தெரியும்? வளைகுடாவில் காவலாளி வேலைக்கு விசா வந்தது. மூன்று வருடம். ஒரு மாதத்தில் விமானம். நான் அடுப்படிக்குப் போய் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

நான் கருவாடு காயப்போட்டு விற்கிறவள். என் நாத்தனார் ஜெனோவாதான் யோசனை சொன்னாள். “மதினி, இன்ஸ்டாகிராம்ல வீடியோ போடுவோம். வாட்ஸ்அப்ல ஆர்டர் எடுப்போம்.”

அவரும் சம்மதித்தார். “மாசா மாசம் இருவது வீட்டுக்குக் கருவாடு போவும்னா நான் பிளேன் ஏற மாட்டேன்” என்றார். அந்த இருபது வீட்டில்தான் என் உயிர் இருந்தது.

ஆனால் நான் ஞாயிறு திருப்பலியில் பைபிள் வாசகம் வாசிக்கிறவள். கேமராவைப் பார்த்ததும் அந்தக் குரல்தான் வந்தது. சேலையைத் தலையில் போட்டுக்கொண்டு, “அன்பார்ந்த சகோதர சகோதரிகளே, இன்று நம்மிடையே நெத்திலி வந்திருக்கிறது” என்றேன்.

“ஏளா, கருவாடு விக்கியா, வாசகம் வாசிக்கியா?” என்று அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

அந்த வீடியோ பதினோரு தடவை ஓடியிருந்தது. அதில் நாலு தடவை பார்த்தது அவரே. மூன்று வாரத்தில் இரண்டே வீடு கிடைத்தது. அதிலும் ஒன்று ஜெனோவாவின் மாமியார் வீடு.

விமானத்துக்கு ஆறு நாள் இருந்தது. கடற்கரையில் மாதா சிலை இருக்கும் கெபியில் முழங்காலிட்டேன். மாதாவிடம் எனக்கு மரியாதையாகப் பேச வராது. “அம்மா, நீயும் ஒரு தச்சனுக்கு வாழ்க்கைப்பட்டவதான. புருசன் பக்கத்துல இருக்க அருமை ஒனக்குத் தெரியாதா? எனக்கு நல்லாப் பேச ஒரு வாய் குடு” என்று கேட்டேன்.

மறுநாள் காலை அவர் போனைப் பிடித்தார். நான் “அன்பார்ந்த” என்று தொடங்கினேன். பக்கத்து வீட்டுப் பூனை வந்து, வலைமேல் காயும் நெத்திலி நடுவே உட்கார்ந்தது. எனக்கு வாசகமெல்லாம் மறந்துவிட்டது.

“ஏங்க! பூனைய வெரட்டுங்க! நாலு தண்ணி அலசி, மண்ணு ஒட்டாம வலை மேல போட்டு, ரெண்டு நாளா நான் வெயில்ல சாவுதேன். அது பந்தியில உக்காந்த மாப்பிள்ளை மாரி தின்னுது. நீங்க படம் புடிச்சிக்கிட்டு நிக்கீய!”

“நல்ல கருவாடுன்னு அதுக்குத் தெரிஞ்சிருக்குளா” என்றார் அவர், போனை இறக்காமலே.

வீடியோவை வெட்டத் தெரியாமல் அப்படியே போட்டும் விட்டார். என் மானம் கப்பலேறியது. சாயங்காலம் போன் ஓயாமல் சத்தம் போட்டது. “அக்கா, பூனை பாஸ் பண்ணுன கருவாடு எங்களுக்கும் வேணும்” என்று கோயம்புத்தூரிலிருந்து ஒரு தங்கச்சி எழுதியிருந்தாள். ஆர்டர் போட்ட பலர் மாதாமாதம் அனுப்பச் சொன்னார்கள். ஐந்தாம் நாள் இருபதாவது வீடு வந்தது. அவர் பெட்டியில் அடுக்கியிருந்த சட்டைகளை எடுத்து மறுபடியும் கொடியில் போட்டார். நான் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன்.

மாதா எனக்குப் புது வாய் எதுவும் கொடுக்கவில்லை. தெருவே பயப்படும் என் பழைய வாயைத்தான் பயன்படுத்திக்கொண்டார். இப்போது நான் காயப்போடுகிறேன், அவர் பொட்டலம் கட்டுகிறார், ஜெனோவா ஆர்டர் பார்க்கிறாள். பூனைக்குத் தினமும் ஒரு பிடி காணிக்கை உண்டு. வாசகக் குரல் ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும்.

கலங்கி நிற்கிற என் அக்கா தங்கச்சிகளே, நன்றாகப் பேசத் தெரியவில்லையே என்று ஜெபிக்காமல் இருந்துவிடாதீர்கள். வீட்டில் பேசுகிற மாதிரியே கேளுங்கள். அந்தத் தாய்க்குப் புரியும்.

நான் திட்டும்போது அவர் இடது காதைக் காட்டிக்கொண்டு உட்காருகிறார். சாயங்காலம் செபமாலை தொடங்கினால் மட்டும் எழுந்து வந்து, வலது காது என் பக்கம் இருக்கும்படி உட்கார்ந்துகொள்கிறார்.