பின்னொளிக்குப் போர்த்திய படங்கு

என் கைப்பேசியில் ஒரு தனி மணி உண்டு. அது அடித்தால் பிரபஞ்சத்தின் ஏதோ ஒரு மூலையில் ஒரு பெரிய நட்சத்திரம் செத்துப்போயிருக்கிறது என்று அர்த்தம். பள்ளி ஆசிரியர் அறையில் அடித்திருக்கிறது, குன்னூர் பேருந்தில் நசுங்கிக்கொண்டு நிற்கும்போது அடித்திருக்கிறது, ஒரு கல்யாணப் பந்தியில் பாயசம் வரும் நேரத்தில் அடித்திருக்கிறது. போனில் யார் என்று பக்கத்து இலைக்காரர் கேட்க, "ஒரு சாவுச் செய்திங்க" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டு, அவரைச் சமாதானப்படுத்துவதற்குள் பாயசம் அடுத்த வரிசைக்குப் போய்விட்டது.

நான் இயற்பியல் ஆசிரியை. ஊட்டிக்கும் குன்னூருக்கும் நடுவில், சாலையை விட்டுக் கீழே இறங்கும் பள்ளத்தில் எங்கள் வீடு. வீட்டுக்காரருக்குக் கோயம்புத்தூரில் வேலை. வாரக் கடைசியில் மேலே வருவார். வந்ததும் தொலைநோக்கிக்காக நான் புதிதாக வாங்கியிருக்கும் ஒயர்களைப் பார்த்து ஒரு பெருமூச்சு விடுவார். அதோடு அவருடைய வானியல் ஆராய்ச்சி முடிந்துவிடும்.

என் ஆராய்ச்சி காமா கதிர் வெடிப்புகளைப் பற்றியது. ஆராய்ச்சி என்பது பெரிய சொல். துரத்தல் என்று வைத்துக்கொள்ளலாம். மிகப் பெரிய நட்சத்திரம் ஒன்று தன் எடையைத் தானே தாங்க முடியாமல் உள்ளே இடிந்து விழும்போது, காமா கதிர்கள் ஒரே வீச்சாகப் பீறிட்டுக் கிளம்பும். பெரும்பாலும் சில நொடிகள்தான். அந்தக் கதிர்களை நம் காற்று கீழே விடாது; மேலே சுற்றும் செயற்கைக்கோள்கள்தான் பிடிக்கும். பிடித்த உடனே, வானத்தில் இன்ன இடம் என்று கேட்டவர்களுக்கெல்லாம் தகவல் வந்துவிடும். கேட்டவர்களில் நானும் ஒருத்தி. வெடிப்பு முடிந்த பிறகும் அந்த இடத்தில் ஒரு வெளிச்சம் மிஞ்சியிருக்கும். அதற்குப் பின்னொளி என்று பெயர். கடுகு வெடிப்பது ஒரு கணம், தாளித்த வாசம் வீட்டுக்குள் நிற்பது கொஞ்ச நேரம் என்று வகுப்பில் சொல்வேன். அந்த வாசம் அடங்குவதற்குள் ஓடிப் பிடிக்க வேண்டும். ஆரம்ப நிமிடங்களில் அது என்னுடையதைப் போன்ற சின்னத் தொலைநோக்கிக்கும் எட்டும் பிரகாசத்தில் இருக்கலாம். நேரம் போகப் போகப் பெரிய கருவிகளுக்கே கண்ணாமூச்சி காட்டும்.

துரத்தத் தொடங்கி நான்கு வருடமாகியும் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. மணி அடிக்கும்போது இங்கே பகலாக இருக்கும். இரவாக இருந்தால் மூடுபனி இறங்கியிருக்கும். மூடுபனி இல்லாத நாளில் இடம் அடிவானத்துக்குக் கீழே இருக்கும். நீலகிரியில் உட்கார்ந்துகொண்டு வானம் பார்க்க ஆசைப்படுவது எவ்வளவு பைத்தியக்காரத்தனம் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் இந்தப் பள்ளத்தில் தெருவிளக்கு கிடையாது. அந்த இருட்டு என்னைப் பேராசை பிடிக்க வைத்துவிட்டது.

வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு தம்பதி. அறுபதை ஒட்டிய வயது. இருவருமே குழந்தையாக இருக்கும்போது இலங்கைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்தவர்கள். பந்தலூர்ப் பக்கம் எஸ்டேட்டில் பல காலம் வேலை செய்துவிட்டு, இங்கே ஒரு துண்டு நிலம் வாங்கியிருந்தார்கள். முதன்முதலாகத் தங்கள் சொந்த நிலத்தில் நடுவதற்காகத் தேயிலை நாற்றுகளைச் சின்னச் சின்ன உறைகளில் வளர்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த நாற்றுப் பாத்தி எங்கள் வேலியை ஒட்டித்தான் இருந்தது. நான் அவர்களை அண்ணன், அக்கா என்பேன். அவர்களுக்கு நான் டீச்சர்.

எங்களுக்குள் ஒரே ஒரு விஷயம்தான் ஒத்துவராது. மார்கழி, தை மாதங்களில் வானம் துடைத்து வைத்தது போல இருந்தால் எனக்குக் கால் தரையில் பாவாது. அண்ணனுக்கு முகம் தொங்கிவிடும். மேகமில்லாத இரவில் தரையின் சூடெல்லாம் மேலே போய்விட, பள்ளத்தில் உறைபனி கட்டும். இளம் நாற்று என்றால் விடிவதற்குள் கருகிவிடும்.

"இன்னிக்கு டீச்சருக்கு சந்தோசமா?" என்று வேலிக்கு அப்பாலிருந்து கேட்பார்.

"சந்தோசம்தாண்ணா."

"அப்ப எனக்குத் தூக்கமில்ல."

பனி நாட்களில் இங்கே எதையும் வெளியே திறந்து போட மாட்டார்கள். நாற்றுக்கு மேல் பெரணித் தழை பரப்புவார்கள். ஸ்கூட்டருக்குச் சாக்கு, தண்ணீர்க் குழாய்க்குப் பழந்துணி. அக்கா ஒருமுறை எங்கள் கறிவேப்பிலைக் கன்றுக்கு எனக்கே தெரியாமல் என் பழைய சுடிதாரை மாட்டிவிட்டிருந்தார். அதிகாலையில் அதைப் பார்த்து யாரோ நிற்கிறார்கள் என்று நான் அலறியதை இன்றும் சொல்லிச் சிரிப்பார்.

அந்தத் தை மாத மாலை, இருட்டியவுடனே தொலைநோக்கியை முற்றத்தில் கொண்டுபோய் வைத்தேன். குளிர்ந்த காற்றுக்கு அது பழகினால்தான் படம் தெளிவாக விழும். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. டீயைக் கையில் எடுத்தேன், மணி அடித்தது. இடத்தைப் பார்த்தேன். மிதுனத்தின் இரட்டை நட்சத்திரங்களுக்குக் கொஞ்சம் தள்ளி. கிழக்கே, மரங்களுக்கு மேலே, என் முற்றத்துக்கு நேர் எதிரே.

பாதி டீ முற்றத்தில் கொட்டியது. எண்களைத் தட்டினேன். தொலைநோக்கி முனகிக்கொண்டே திரும்பி நின்றது. கேமரா ஒன்றன்பின் ஒன்றாகத் தானே படம் எடுக்கும், படங்கள் சமையலறை ஜன்னலோரம் இருக்கும் மடிக்கணினிக்குப் போய்ச் சேரும். முதல் படம் ஓடத் தொடங்கியது. அப்போதுதான் வேலிக்கு அந்தப் பக்கம் அண்ணன் டார்ச் வெளிச்சத்தில் ஈரச் செத்தையைக் குவித்துக்கொண்டு, கையில் தீப்பெட்டியுடன் குனிவதைப் பார்த்தேன்.

மூட்டம் போடப் போகிறார். புகை பாத்திக்கு மேல் கம்பளி மாதிரி படுத்துக்கொண்டால் பனி அவ்வளவாகக் கடிக்காது. ஆனால் புகை வேலியோடு நிற்குமா? நேராக என் முற்றத்துக்குத்தான் வரும்.

வேலியைச் சுற்றிக்கொண்டு ஓடினேன். "அண்ணா, ஒரு அரை மணி நேரம். அப்புறம் நீங்க எவ்வளவு வேணாலும் புகை போடுங்க."

"ஏலாதுங்க டீச்சர். தழை பத்தல. மூடாத பக்கத்துக்குப் பொகையாச்சும் வேணும்."

"தழை இருந்தா?"

"இருந்தா அர மணி நேரம் தாங்கும். அவ மேல போயிருக்கா, இன்னொரு கட்டு கொண்டாறதுக்கு. விரிக்கக் கை வேணுமே."

"என் கை இருக்குதே" என்றேன்.

தீப்பெட்டி சட்டைப் பைக்குள் போனது. இருந்த தழையை அவரும் நானும் மெல்லியதாகப் பரப்பி ஒப்பேற்றத் தொடங்கினோம். அவ்வளவு கவனமாக நான் வீட்டில் ஒரு போர்வையை விரித்ததில்லை. ஒவ்வொரு வரிசை முடியும்போதும் ஒரு கண்ணை என் முற்றத்துப் பக்கம் ஓட்டினேன். இடையில் வேலி, அதற்கு அப்பால் இருட்டு. தெரியவில்லை. ஆனால் கேமரா தானே வேலை செய்கிறது, இந்நேரம் எத்தனை படம் விழுந்திருக்கும் என்று மனதுக்குள் ஒரே குதூகலம். இறந்த நட்சத்திரத்துக்கும் பிறந்த நாற்றுக்கும் ஒரே நேரத்தில் உதவி செய்கிறேன் என்று என்னை நானே மெச்சிக்கொண்டதும் உண்மை.

அக்கா தலையில் தழைக்கட்டுடன் வந்து சேர்ந்தார். மேட்டிலிருந்து இறங்கும் பாதை எங்கள் முற்றம் வழியாகத்தான் வரும். கட்டை இறக்கிவிட்டுச் சொன்னார்: "டீச்சர், டெலஸ்கோப்ப அப்புடியே வெளிய வச்சிட்டு வந்துட்டீங்களே. வாயத் தொறந்துக்கிட்டு நிக்குது, பனியெல்லாம் உள்ளுக்குப் போகாதா? நல்லவேள நான் கண்டேன். படங்கப் போத்தி, கயித்தால கட்டிட்டு வாறேன்."

படங்கு என்பது கொழுந்து பறிக்கும் பெண்கள் இடுப்பில் சுற்றிக்கொள்ளும் தடித்த சாக்கு. செடியின் கிளைகள் கிழிக்காமல் இருப்பதற்காக. அக்காவின் இடுப்பில் எப்போதும் இருக்கும் அது அப்போது இல்லை. குளிரில் அவர் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்.

நான் ஓடினேன். தொலைநோக்கி படங்கைப் போர்த்திக்கொண்டு சமர்த்தாக நின்றது. கயிறு குழாயையும் முக்காலியையும் சேர்த்து, தழைக்கட்டுக்குப் போடும் முடிச்சாக இறுகியிருந்தது. மோட்டார் அதை இழுத்துப் பார்த்துத் தோற்று, இடம் தவறிப்போய் உறுமிக்கொண்டிருந்தது. மடிக்கணினியில் முதல் மூன்று படங்களில் நட்சத்திரங்கள். அதற்குப் பிறகு வரிசையாகக் கறுப்பு, கறுப்பு, கறுப்பு.

கோபம் வந்தது. நான்கு வருடத்துக் கோபமும் சேர்ந்து வந்தது. பின்னாலேயே வந்து நின்ற அக்கா என் முகத்தைப் பார்த்து, "தப்பாப் போச்சுங்களா?" என்றார். நான் முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினேன். அவருடைய உதடு குளிரில் வெடவெடத்துக்கொண்டிருந்தது. படங்கை உதறி அவர் தோளில் போட்டேன். முடிச்சு விரலைக் கிழித்ததைத்தான் சாக்காக வைத்துக் கொஞ்சம் கண்ணீர் விட்டேன். தொலைநோக்கியைத் திரும்பச் சரிசெய்து முடிப்பதற்குள் அரை மணி நேரம் போய்விட்டது. சொன்ன சொல் சொன்னதுதான். அண்ணன் தீக்குச்சியைக் கிழித்தார். மிதுனம் புகைக்குள் போனது.

அப்புறம்தான் அந்த மூன்று படங்களை ஒழுங்காகப் பார்த்தேன். வான வரைபடத்தை ஒரு பக்கம், படத்தை ஒரு பக்கம் வைத்து நட்சத்திரம் நட்சத்திரமாக ஒத்துப்பார்த்தேன். செயற்கைக்கோள் சொன்ன இடத்தில் ஒரு மங்கலான நட்சத்திரம் வரைபடத்தில் இருந்தது. என் படத்தில் அது மங்கலாக இல்லை, பருத்திருந்தது. மூன்றிலும்.

என்னைப் போலத் துரத்துகிறவர்களின் கணக்குகளை ஒன்று சேர்க்கும் ஒருவருக்குப் படங்களை அனுப்பினேன். மறுநாள் பதில் வந்தது. பின்னொளி அங்கேதான் இருந்தது. வேறு நாட்டில் பெரிய கருவிகளும் பிற்பாடு அதைப் பார்த்திருக்கின்றன. உங்களுடையது அவற்றுக்கெல்லாம் முந்தையது. ஆனால் அதனுடன் பக்கத்து நட்சத்திரத்தின் ஒளியும் கலந்திருக்கிறது. பின்னொளி அணைந்த பிறகு அதே கருவியில் அதே இடத்தை இன்னொரு தடவை எடுங்கள். அதைக் கழித்தால்தான் உங்கள் படங்களுக்கு மதிப்பு.

அதாவது என் மூன்று படங்கள் உயிர் பிழைக்க, ஒன்றுமே இல்லாத ஒரு படம் வேண்டும். எனக்கு இந்த யோசனை மிகவும் பிடித்துப்போனது. முதல் படத்துக்குத்தான் அவசரம். இல்லாமல் போனது எப்போது போய்ப் பார்த்தாலும் இல்லாமல்தான் இருக்கும்.

அந்தத் தையிலும் மாசித் தொடக்கத்திலும் வானம் தெளிந்த மாலைகள் வராமல் இல்லை. அந்த மாலைகளிலெல்லாம் வேலிக்கு அந்தப் பக்கம் புகை எழுந்தது. ஒரு நாள் அக்கா வந்து, "இன்னிக்குப் பொக வேணாம்னு சொல்லட்டுங்களா? நீங்க படத்த எடுத்துக்கிடுங்க" என்றார். அவரால் கெட்டுப்போனதை அவரே நிமிர்த்த நினைக்கிறார் என்று புரிந்தது. "அது எங்கயும் ஓடாதுக்கா, முதல்ல நாத்து பொழைக்கட்டும்" என்றேன். அவர் நம்பவில்லை. முற்றம் வழியாகப் போகும்போதெல்லாம் தொலைநோக்கியிருக்கும் அறைப்பக்கம் பார்க்காமல் நடந்தார். எனக்கு அதுதான் படம் கெட்டதைவிட வலித்தது.

ஓரத்து வரிசைகள் சில கருகின. மற்றவை தப்பித்தன. பங்குனியில் பனி விட்டது. கோடை மழைக்கு முந்தின ஒரு மாலை மூடுபனியும் இல்லை, மூட்டமும் இல்லை. மிதுனம் தலைக்கு மேலே வந்திருந்தது. நானே வேலியருகே போய் அக்காவைக் கூப்பிட்டேன். இடுப்பிலிருந்த படங்கை அவிழ்த்துத் தூரமாகச் சுவரில் போட்டுவிட்டுத்தான் முற்றத்துக்குள் வந்தார். படம் எடுத்து முடிக்கும் வரை சமையலறை முக்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

புதிய படத்தை மடிக்கணினியில் காட்டினேன். "அந்தப் புள்ளி எங்க?" என்றார்.

"பக்கத்து நட்சத்திரம் மட்டும்தான் இருக்கு. நம்ம புள்ளி இல்லை. இல்லாததுதான் நல்லது."

பழைய மூன்று படங்களிலிருந்தும் புதியதைக் கழித்தேன். மற்ற நட்சத்திரங்களெல்லாம் மறைந்து, ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு புள்ளி மிஞ்சியது. முதல் படத்தில் பளிச்சென்று. இரண்டாவதில் அதைவிடக் குறைந்து. மூன்றாவதில் இன்னும் குறைந்து. பின்னொளி மங்கிக்கொண்டே போவதைத்தான் நான் பிடிக்க ஆசைப்பட்டேன். படங்குக்கு அடியில் போய்விட்டது என்று நான் நினைத்த அந்த மங்கல், படங்கு விழுவதற்கு முன்பே, அந்த மூன்று படங்களுக்குள்ளேயே நடந்திருந்தது. சந்தோஷத்தில் அக்காவின் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "இந்த வெளிச்சம் எப்பக் கெளம்பினது டீச்சர்?"

"இந்த மலையெல்லாம் உண்டாகறதுக்கு முன்னாடி."

அக்கா மெதுவாகச் சொன்னார்: "அத்தன காலமா வந்துக்கிட்டே இருந்திருக்கு. வீட்டு வாசலுக்கு வந்ததும் நான் போயி படங்கப் போட்டு மூடியிருக்கேன்."

"மூணு படத்துக்கு விட்டுட்டுத்தானேக்கா மூடுனீங்க."

அவர் சிரிக்கவில்லை. "இன்னும் இது மாதிரி வந்துக்கிட்டு இருக்குமா?"

"இருக்கும். இப்பவும் வழியில வந்துக்கிட்டுதான் இருக்கும்."

எழுந்து வெளியே போனார். சுவரில் கிடந்த படங்கை எடுத்துத் தன் இடுப்பிலேயே இறுக்கிக் கட்டிக்கொண்டு, திறந்து நின்ற தொலைநோக்கியைச் சுற்றி ஒதுங்கி நடந்து போனார்.