ஒரு உதைகூட இல்லாத படம்

மன்னார்புரம் பக்கம் புதிதாக வந்த தியேட்டரில், அதிரடிப் படம் என்று நம்பிப் போய் உட்கார்ந்தால், இடைவேளை வரை துப்பாக்கிதான் வெடித்தது. ஒருவனும் காலைத் தூக்கவில்லை. சத்தம் தாங்காமல் பக்கத்து சீட்டுக்காரர் நெற்றியில் தைலம் தேய்க்க, அந்த வாசனையில் நான் சின்ன வயதுப் பாலக்கரைக்குப் போய்விட்டேன்.

அங்கே, இப்போது வண்டி நிறுத்துமிடமாகிவிட்ட பழைய சினிமாக் கொட்டகையில், ஞாயிறு காலைக் காட்சி என்றால் கராத்தே படம்தான். வசனம் நீண்டால் "ஃபைட்டப் போடுங்கண்ணே!" என்று பெஞ்சு மொத்தமும் ஆபரேட்டரைப் பார்த்துக் கத்தும், அவரும் பெஞ்சு உடையக்கூடாதே என்று சண்டை ரீலை முன்னால் ஓட்டிவிட்டு, விட்டதைப் பிறகு காட்டுவார். செத்துப்போன வில்லன் உயிரோடு வந்து சாவகாசமாகச் சாப்பிடுவான், யாரும் கேள்வி கேட்க மாட்டோம். படம் விட்டதும் நானும் கூட்டாளி காஜாவும் வாயாலேயே அடிச் சத்தம் போட்டுக்கொண்டு வீடுவரை உதைத்துக்கொண்டே போவோம். காற்றை உதைத்தே நான் சாக்கடையில் விழுவேன். காஜாவின் அம்மா என் முழங்காலில் தைலம் தேய்த்தபடி, "படத்துல அத்தனை பேர்ட்ட அடி வாங்குனவனே எந்திரிச்சுப் போயிட்டான், உனக்கென்ன தம்பி நோவு?" என்பார்.

காஜா இப்போது குவைத்தில். இடைவேளையில் போன் செய்து, "ஒரு உதைகூட இல்லடா" என்று புலம்பினேன்.

"வெளிய வந்துடு. ரம்ஜானுக்கு நான் வரேன், நாமளே போட்டுக்குவோம்" என்றான்.

"வருஷா வருஷம் இதையேதான் சொல்ற. எனக்கு முட்டி வலி வேற வந்துடுச்சு."



"எனக்கும்தான். வந்தா மெதுவா உதைக்கிறேன்டா."