கை தூக்காத எட்டாம் வகுப்பு

நாற்பத்திரண்டு வயதில் பி.எட். சேர்ந்த ராஜபாண்டியைப் பற்றிப் பேசாத டீக்கடை கம்பம் ஊரில் கிடையாது. விடிகிற நேரத்தில் ஏலத்தோட்டத்துப் பெண்களை ஜீப்பில் அடைத்துக்கொண்டு கம்பம்மெட்டு மலைப்பாதை ஏறுவான். ஒன்பதரைக்கு இஸ்திரிச் சட்டையில் பள்ளிக்கூடத்தில் நிற்பான். பிள்ளைகள் 'டிரைவர் சார்' என்று பெயர் வைத்தார்கள். அதில் அவனுக்குக் கொஞ்சம் பெருமைகூட.

நாலு மாதக் கற்பித்தல் பயிற்சிக்கு வாய்த்தது மகள் ஜோதிகா படிக்கும் பள்ளி. அவள் உட்கார்ந்திருக்கும் எட்டாம் வகுப்பு. அவன் எடுத்துக்கொண்ட பாடம், 'நம் பள்ளத்தாக்கின் மக்கள்'. யார் எங்கிருந்து வந்தார்கள், வீட்டில் என்ன பேசுகிறார்கள் என்று பிள்ளைகளே சொல்ல வேண்டும். முதல் வாரம் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. அவனே ஆரம்பித்தான்.

"ஏலே, எங்க வீட்ல கன்னடம். எம்பொண்டாட்டி வையிறதும் அதுலதான். தமிழ்ல வஞ்சா எனக்கு உறைக்காது."

வகுப்பு குலுங்கியது. பின்வரிசைச் சின்னக்கருப்பு எழுந்து, தாங்கள் பளியர், மலையில் தேன் எடுக்கிறவர்கள் என்றான். சிம்ரன் வீட்டில் தெலுங்காம். ஜெஸ்லின் வீட்டில் மலையாளமாம். தண்ணீருக்கு ஒவ்வொரு வீட்டிலும் என்ன சொல்கிறார்கள் என்று ஜோதிகா கரும்பலகையில் எழுதிப்போட்டாள். அப்பனுக்குக் கண் நிறைந்துவிட்டது.

வகுப்பாசிரியை உமாதேவி கதவோரம் நின்று பார்த்துவிட்டு, "அண்ணே, இருவது வருசத்துல இதுக இப்பிடிப் பேசி நான் பாத்ததில்ல" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக அன்று சாயங்காலமே அவர் வீட்டுக்கு ஒரு பெட்டி பன்னீர் திராட்சை போய்ச் சேர்ந்தது.

கடைசியில் செய்முறைத் தேர்வு வந்தது. வெளியூரிலிருந்து ஒரு தேர்வாளர் வந்து வகுப்பில் உட்கார்ந்து மார்க் போடுவார். இதற்கு ஊரறிந்த தந்திரம் ஒன்று உண்டு. முதல்நாளே ஒத்திகை நடக்கும்: பதில் தெரிந்தவன் வலது கை, தெரியாதவன் இடது கை. எல்லாக் கையும் மேலே இருக்கும். சார் வலது கையாகப் பார்த்துக் கேட்பார்.

தேர்வுக்கு முதல்நாள் மத்தியானம் உமாதேவி அதைச் சொன்னதும், "அது பித்தலாட்டம் டீச்சர்" என்றான் ராஜபாண்டி. "எம்பிள்ளைக தானா பேசும்." சொல்லிவிட்டுச் சார்ட் பேப்பர் வாங்கக் கடைத்தெருவுக்குப் போய்விட்டான்.

மறுநாள் தேர்வாளர் முன்னால் உற்சாகமாகக் கேட்டான்: "யார் யார் வீட்ல வேற மொழி பேசுறீங்க?"

ஒரு அசைவில்லை. மின்விசிறிச் சத்தம் மட்டும். திரும்பவும் கேட்டான். அவன் கண் ஜோதிகாவின் மேலேயே நின்றது. அவள் புத்தகத்தைப் பார்த்தபடி இருந்தாள். சட்டை முதுகோடு ஒட்ட, மீதி நேரத்தைப் புத்தகத்தை வாசித்தே ஓட்டினான்.

வேடிக்கை என்னவென்றால், தேர்வாளருக்கு ஏகத் திருப்தி. இவ்வளவு அமைதியான வகுப்பை எங்கும் பார்த்ததில்லை, வகுப்புக் கட்டுப்பாடு பிரமாதம் என்று எழுதிவிட்டுச் சாப்பிடப் போனார்.

"நாந்தாண்ணே யாரும் கை தூக்கக் கூடாதுன்னு சொன்னேன்" என்று உமாதேவியே வந்து சொன்னார். குரலில் ஒளிவு மறைவு இல்லை. "நீங்க ஒத்திகை பாக்க மாட்டேன்ட்டீக. நான் பாத்தேன். வீட்டு மொழியக் கேட்டா அடுத்தது சாதிதான்னு வந்தவுக எழுதிட்டுப் போயிட்டா, பேரு எனக்குல்ல கெடும்? மார்க்குதான் வந்திருச்சுல்ல, அப்புறமென்ன?"

அப்படியென்றால் நேற்று மத்தியானமே ஜோதிகாவுக்குத் தெரியும். ராத்திரி பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பள்ளி விட்டு ஜீப்பில் ஏறியதும், வீட்டுக் கன்னடத்தில் கேட்டான், ஏன் கை தூக்கவில்லை என்று. அவள் தமிழில் பதில் சொன்னாள்.

"இன்னும் ஒரு வாரத்துல நீங்க போயிருவீகப்பா. டீச்சர் பத்தாவது வரைக்கும் இருப்பாக."

"அதுக்காக? ஒரு பயலுக்குக்கூடவா என்மேல பிரியமில்ல?"

"சின்னக்கருப்பு தூக்குனான்" என்றாள் ஜோதிகா. "ரெண்டு தடவ. நீங்க என்னையவே பாத்துக்கிட்டு நின்னீக."

ராஜபாண்டி சாவியைத் திருகாமல் உட்கார்ந்திருந்தான். பின்வரிசையை நினைத்து நினைத்துப் பார்த்தான். எந்தக் கையும் ஞாபகத்தில் வரவில்லை.