இரண்டு விரற்கடை நீளமான கூரை

எங்கள் காரின் கூரையை அறுத்து எடுத்த அன்று பட்டறையில் மாமா இருந்தார், அப்பா இருந்தார், வெல்டிங் பாய் இருந்தார், பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்த நான் இருந்தேன். மாமாவின் மனைவியான அத்தை மட்டும் இல்லை. செட்டியார்பட்டியில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். அவள் இல்லாத நாளாகப் பார்த்துத்தான் மாமா வண்டியைக் கொண்டுவந்தார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அறுத்த கூரையை ஆளுக்கொரு மூலையாகப் பிடித்து இறக்கினோம். "இம்புட்டுத்தானா கனம்?" என்று அப்பா ஆச்சரியப்பட்டார். மழைக்கும் வெயிலுக்கும் மறைப்பாக இருந்த ஒரு தகரம், அவ்வளவுதான் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. ராஜபாளையத்தில் ஒரு மில் முதலாளி வீட்டில் பதினோரு வருடம் ஓப்பன் கார் ஓட்டியவர். அது படகு மாதிரி நீண்ட பழைய வெளிநாட்டுக் கார். வீட்டில் புதுக் கார்கள் வந்த பிறகு சும்மா நின்றதை, கூரையை அறுத்துவிட்டு மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு வாடகைக்கு விட்டார்கள். முன்னால் நாதஸ்வரக்காரர் நடப்பார். அவர் குதிகாலில் இடிக்காமலும், பின்னால் வரும் பெண்கள் கூட்டத்தை விட்டு விலகாமலும், எஞ்சின் அணையாமலும் முதல் கியரிலேயே இரண்டு மைல் ஓட்ட வேண்டும். மாமாவுக்கு அது மூச்சு விடுவது மாதிரி. "இந்த ஊர்ல பாதிப் பேருக்கு என் முதுகப் பாத்துக்கிட்டேதான் கல்யாணம் ஆயிருக்கு" என்பார்.

கார்களைப் பற்றி அவருக்கென்று ஒரு சரித்திரம் இருந்தது. ஆதியில் குதிரை வண்டியில் குதிரையை அவிழ்த்துவிட்டு எஞ்சினை வைத்தார்கள். அப்போது கூரையே கிடையாது. பிறகு மடக்குகிற துணிக்கூரை வந்தது. துணி கிழிகிறது என்று தகரம் போட்டார்கள். அந்தக் காலத்தில் அதைப் பிளசர் என்றார்கள். மலங்காட்டுக்கு ஜீப் வந்தது, கூட்டமாகப் போக வேன் வந்தது, இப்போது தீப்பெட்டி மாதிரி சின்னக் கார் வந்திருக்கிறது. எத்தனை வந்தாலும் கடைசியில் அவர் தொட்டு நிற்கிற இடம் ஒன்றுதான்: "கார் பொறக்கையில கூரை இல்லாமத்தான் பொறந்துச்சு, மருமகனே." என் புத்தகத்தில் ஆங்கிலத்தில் இருந்த முதல் பாடமும் ஏறக்குறைய இதையேதான் சொன்னது. எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் போனவன் நான். மாமா ஒரு நாளும் படிக்காத பாடத்தை நான் பரீட்சைக்கு மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன்.

முதலாளி வீட்டை விட்டு வந்த பிறகு, அவர் சேமிப்பும் மில்லில் அப்பா சேர்த்த பணமும் போட்டு ஒரு பழைய அம்பாசிடர் வாங்கினார்கள். வாடகைக்கு ஓடியது. புரட்டாசிச் சனிக்கிழமைகளில் ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துத் திருவண்ணாமலைப் பெருமாள் கோயிலுக்கு ஆள் ஏற்றிப் போய்த் திரும்பினால் அந்த மாதத்துக்குக் கவலை இல்லை. இரண்டு வீட்டு அடுப்பும் அந்த ஒரு வண்டியை நம்பி எரிந்தது.

அக்காவுக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் மாப்பிள்ளை அமைந்தது. நல்ல மனிதர்கள். நகை, பாத்திரம் எதுவும் பேசவில்லை. மாப்பிள்ளையின் அப்பா மட்டும் கிளம்பும்போது, "மூத்த பிள்ள பாருங்க. ரத வீதியச் சுத்தி ஓப்பன் கார்ல ஒரு ஊர்வலம். அம்புட்டுத்தான் ஆசை" என்றார். மாமா முகமெல்லாம் சிரிப்பாகச் சம்மதித்துவிட்டார். மறுநாள் முதலாளி வீட்டில் போய்க் கேட்டால், அதே முகூர்த்தத்துக்கு அந்தக் கார் வேறு கல்யாணத்துக்குப் போகிறது. ஊரெல்லாம் மாப்பிள்ளைகளைச் சுமந்தவர், சொந்த அக்கா மகளின் மாப்பிள்ளைக்கு இல்லை என்று எப்படிச் சொல்வார்? இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் அப்பாவிடம் வந்து உட்கார்ந்தார்.

"அத்தான், நம்ம வண்டியவே அறுத்துருவோம். இன்னைக்கு நம்ம வீட்டுக் கல்யாணம். பொறவு முகூர்த்தத்துக்கு முகூர்த்தம் வாடகை. ஊர்ல ரெண்டாவது ஓப்பன் காரு நம்மளோடது."

"அவ என்ன சொல்லுதா?" என்று அத்தையைப் பற்றி அப்பா கேட்டார்.

"அவட்ட கேட்டா, மழை வந்தா யாரு கொடை பிடிப்பான்னு கேப்பா."

பட்டறையில் பாய் உடனே பற்றவைக்கவில்லை. முதலாளி வீட்டுக் காரை அறுத்ததும் அவர்தான். வண்டியை இரண்டு சுற்றுச் சுற்றி வந்தார், குனிந்து அடியில் பார்த்தார். "டிரைவரே, அந்தக் காருக்கு அடியில ரெண்டு தண்டவாளம் மாதிரி சட்டம் ஓடிச்சு. இதுல அப்பிடி ஒண்ணையும் காணுமே" என்றார். மாமா சிரித்தார். "அது பெரிய காரு, பாய். இது சின்னது. இதுக்கு எதுக்குத் தண்டவாளம்?" பாய்க்கு மனம் ஒப்பவில்லை. என் பக்கம் திரும்பினார். "தம்பி இதுக்குன்னே படிக்காவல்ல. நீங்க சொல்லுங்க தம்பி, அறுக்கலாமா?"

அந்த நிமிடத்தைப் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். மூன்று பெரியவர்கள் என் வாயைப் பார்த்து நின்றார்கள். அதுவரை யாரும் என்னிடம் எதையும் கேட்டதில்லை. எனக்குத் தெரியாது என்பதுதான் உண்மை. ஆனால் இரண்டு வருடமாக எனக்குக் கட்டணம் கட்டுகிற அப்பாவுக்கு முன்னால் அந்த வார்த்தையை எப்படிச் சொல்வது? மாமாவின் முகத்தையும் பார்த்தேன். "அறுக்கலாம். ஒண்ணும் ஆகாது" என்றேன். "பெறகென்ன பாய், இஞ்சினியரே சொல்லியாச்சு" என்று மாமா என் தோளைத் தட்டினார். பாய் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

கல்யாணத்தன்று காலை, சாமந்தி மாலைகளோடு வண்டி ராஜபாளையத்திலிருந்து கிளம்பியது. நான் முன்சீட்டில் இருந்தேன். ரோட்டுப் பள்ளங்களில் இறங்கி ஏறும்போதெல்லாம் கதவுகள் புதிதாக ஒரு சத்தம் போட்டன. "காத்து" என்றார் மாமா. ஊர்வலத்தில் மாப்பிள்ளையோடு அவர் தம்பிமார், தோழர்கள், சின்னப் பிள்ளைகள் என்று ஒன்பது பேர் ஏறிக்கொண்டார்கள். மாமா ராஜா மாதிரி ஓட்டினார். தேர் நிற்கிற இடத்தில் நாதஸ்வரக்காரர் நின்று வாசித்தபோது வண்டியும் அசையாமல் நின்றது. மண்டப வாசலுக்கு வந்து ஆரத்தித் தட்டோடு பெண்கள் காத்திருக்க, மாப்பிள்ளை கதவைத் திறக்கப் பார்த்தார். வரவில்லை. மறு கதவும் வரவில்லை. நான் வெளியிலிருந்து காலை ஊன்றி இழுத்துப் பார்த்தேன். நான்கு கதவும் பூட்டுப் போட்ட மாதிரி இருந்தன. "மாப்பிள்ளையத் தப்பிச்சு ஓட விடக் கூடாதுன்னு பொண்ணு வீட்டுக்காரங்க ஏற்பாடு போல" என்று ஒரு கிழவி சொல்ல, கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. மாப்பிள்ளை பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கதவுக்கு மேலே ஒரே தாண்டாகத் தாண்டிக் குதித்தார். விசில் பறந்தது. இன்றைக்கும் அந்தத் தெருவில் அந்தக் கல்யாணத்தை அப்படித்தான் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்.

எல்லோரும் உள்ளே போன பிறகு மாமா எட்டி நின்று வண்டியைப் பக்கவாட்டில் பார்த்தார். நானும் பார்த்தேன். நடுவில், கதவுகளுக்குக் கீழே, வண்டி கயிற்றுக் கட்டில் மாதிரி தொய்ந்திருந்தது.

பழைய கார்களில் அடியில் தனியாகச் சட்டம் உண்டு; பாரமெல்லாம் அதன் மேல். பிறகு வந்தவற்றில் தனிச் சட்டம் கிடையாது. தரை, தூண், கூரை எல்லாம் சேர்ந்துதான் பாரம் தாங்கும். கூரையை எடுத்தால் முதுகெலும்பை எடுத்த மாதிரி. கல்யாணத்துக்கு நான்கு மாதம் முன்பு, பருவத் தேர்வில், இதே கேள்விக்கு நான் படம் வரைந்து பதில் எழுதியிருந்தேன். நல்ல மார்க் வந்திருந்தது. புத்தகத்தில் இருந்த காரும் எங்கள் வாசலில் நின்ற காரும் ஒன்று என்று எனக்கு ஒரு தடவைகூடத் தோன்றவில்லை.

திரும்பவும் பாயிடம் போனோம். கூரையை எடுத்து வைத்துப் பார்த்தார். பொருந்தவில்லை. வண்டி தொய்ந்ததில் முன் தூணும் பின் தூணும் ஒன்றை நோக்கி ஒன்று சாய்ந்துவிட்டன. அறுத்த கூரை இரண்டு விரற்கடை நீளமாகிவிட்டது. பாய் அதை இறக்கிச் சுவரோரம் சாய்த்து வைத்தார். வண்டி ரோட்டுக்குத் தகுதி என்று பிரேக் இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. ஆறு மாதம் வாசலில் நின்று, மழைத்தண்ணீர் தேங்கி, கடைசியில் பழைய இரும்புக்குப் போனது. மாமா வேறொருவரின் வேனுக்குச் சம்பள டிரைவராகப் போனார். யார் சொல்லி அறுத்தீர் என்று அத்தை வீடு அதிரக் கேட்டபோது நான் வாசலில்தான் நின்றேன். "யாரு சொல்லணும்? எனக்காத்தான் தோணுச்சு" என்றார் மாமா. என் பக்கம் திரும்பக்கூட இல்லை. அதற்குப் பிறகும் என்னை இஞ்சினியரே என்றுதான் கூப்பிட்டார். கிண்டலாக அல்ல. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

இப்போது ஒரு பேருந்துப் பணிமனையில் வேலை பார்க்கிறேன். எனக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிடுகிறேன். அதனால் அங்கே எனக்குக் கொஞ்சம் மரியாதைகூட இருக்கிறது. போன பொங்கலுக்கு மாமா வீட்டுக்குப் போனேன். மாமா வேனில் சவாரி போயிருந்தார், அப்பா வரவில்லை, பாய் ஊரை விட்டுப் போய் வெகுநாள் ஆயிற்று. நானும் அத்தையும்தான் இருந்தோம். பின்பக்கம், நான்கு செங்கல் தூணுக்கு மேலே கவிழ்ந்து கிடக்கிறது அந்தக் கூரை. வெள்ளைப் பெயின்ட் பொரிந்திருக்கிறது. அடியில் விறகும் கோழிகளும். ஒரு கோழியை அடைத்துக்கொண்டிருந்த அத்தையிடம், பத்து வருடமாகச் சொல்லாததைச் சொன்னேன்.

அவள் நிமிரவில்லை. "தெரியும். நான் வீடு அதிரச் சண்டை போட்டேன்ல, அன்னைக்குச் சாயந்திரமே பாய் வந்து சொல்லிட்டுப் போனாரு."

"பெறகு ஏன் அத்தை என்னைய ஒரு வார்த்தை கேக்கல?"

"கேட்டிருந்தா நீ படிப்ப விட்டுட்டு மில்லுக்குப் போயிருப்ப. காரும் போயி அதுவும் போகணுமாக்கும்?"

கூரையை ஒரு தட்டுத் தட்டினேன். இன்னும் உறுதியாகத்தான் இருந்தது. மொத்தம் எவ்வளவு போனது என்று கேட்டேன். வாங்கினது, இரும்புக்கடைக்காரன் கொடுத்தது, பாயின் கூலி எல்லாம் அவளுக்கு மனதிலேயே இருந்தது. யோசிக்காமல் சொன்னாள்: இருபத்து நாலாயிரத்து அறுநூற்றைம்பது ரூபாய்.