மூன்று லட்சத்து நாற்பதாயிரம் பாயின்ட்

நோரீன் போனின் ஒலியைக் கூட்டி அவன் மார்பின் மேல் வைத்தாள். மூச்சோடு சேர்ந்து அது ஏறி இறங்கியது. போனுக்குள் ஒரு கிட்டார் ஒரே துண்டைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தது. நடுநடுவே ஒரு ஆண் குரல், உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம், கடல் எங்கும் போய்விடாது என்றது.

"தூங்கிடாத, எல்வுட்."

"இந்த வலியில எங்க தூங்க."

காலை ஒன்பது பத்து. ஆறு மணிக்கு அவன் நாக்கின் அடியில் விட வேண்டிய மார்ஃபினை நோரீன் விடவில்லை. விட்டால் மதியம்வரை பேச்சு குழறும். கப்பல் கம்பெனியின் கிரெடிட் கார்டு அவன் பெயரில் இருந்தது, செலவழிக்கும் ஒவ்வொரு டாலருக்கும் அதில் பாயின்ட் சேரும். அவன் வாயால் சொன்னால்தான் பாயின்ட்டை எடுத்துக்கொண்டு கப்பலில் அறை கொடுப்பார்கள். அவன் இறந்தால் கணக்கை மூடிவிடுவார்கள், ஒரு பாயின்ட்கூட மிஞ்சாது. மூன்று நாள், மிஞ்சினால் நான்கு என்று நர்ஸ் கெர்லின் திங்களன்று சொல்லியிருந்தாள். இன்று புதன்.

எங்கள் குடியிருப்பு ஃபுளோரிடாவில், ஃபோர்ட் லாடர்டேல் துறைமுகத்திலிருந்து பத்து நிமிடம். சனி, ஞாயிறு நாலு மணிக்குக் கப்பல்கள் வரிசையாக வெளியே போகும். நான்காவது மாடி நடையில் நாற்காலி போட்டுப் பார்ப்போம். இங்கே ஒருவரையொருவர் கப்பலில் கழித்த ராத்திரிகளை வைத்துத்தான் அளந்துகொள்கிறோம். நூறு ராத்திரி ஆனவர்களுக்கு ஏறும்போது தனி வரிசை. நோரீனுக்கும் எல்வுட்டுக்கும் முப்பத்தைந்து. முப்பத்தைந்தும் ஜன்னல் இல்லாத உள்ளறையில்.

எல்வுட் டிரெஸ்லர் ஒஹையோவில், சேன்ஸ்வில்லில், முப்பத்தொரு வருடம் ரொட்டி வேன் ஓட்டியவன். தினமும் ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்தவன், ஓய்வு பெற்ற பிறகும் இரண்டு மணிக்கு எழுந்தான். நோரீன் சலவைக் கடையில் கோட்டுகளுக்கு எண் சீட்டு குத்தினாள். பிள்ளைகள் இல்லை. தொண்ணூற்றொன்பதில் இங்கே வந்தார்கள். 2005இல் முதல் கப்பல். மூன்றாம் நாள் சாயங்காலம் சூதாட்ட அறை வாசலில் ஒரு பெண் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தாள். கையெழுத்துப் போட்டால் கப்பலிலேயே செலவழிக்க ஐம்பது டாலர். நோரீன் படிவத்தை நிரப்பினாள். விண்ணப்பிப்பவர் என்று ஒரு பெயருக்குத்தான் இடம் இருந்தது. எல்வுட்டின் பென்ஷன் பெரியது என்பதால் அவன் பெயரை எழுதினாள். மனைவிக்கும் ஒரு கார்டு வரும் என்றாள் அந்தப் பெண். இரண்டும் தபாலில் வந்தன. எல்வுட் தன்னுடையதை இழுப்பறையில் போட்டான், பிறகு தொடவில்லை.

செலவழித்ததெல்லாம் நோரீன். மளிகை, பெட்ரோல், பல் டாக்டர், கட்டடத்துக் கூரை மாற்றியபோது வீட்டுக்கு நாலாயிரம் என்று வந்த பங்கு, எல்லாம் அந்தக் கார்டில். மாதக் கடைசியில் முழுத் தொகையும் கட்டிவிடுவாள், ஒரு டாலர் வட்டி கொடுத்ததில்லை. வெள்ளிக்கிழமை நாலரை மணிக்கு நாங்கள் பதினைந்து பேர் மீன் சாப்பிடப் போவோம். பில் வந்ததும் அவள் கை முதலில் நீளும். "நான் போடுறேன், நீங்க எனக்குப் பணமா குடுத்துடுங்க." நாங்கள் நோட்டுகளை அவள் தட்டருகே வைப்போம். யாராவது ஐந்து டாலர் குறைத்து வைத்தால் கேட்கமாட்டாள். நானும் குறைத்து வைத்திருக்கிறேன்.

எதற்காக என்பது எல்லோருக்கும் தெரியும். மூன்றாவது பயணத்தில் எல்வுட் வழக்கம்போல் இரண்டு மணிக்கு விழித்தான். அறை கும்மிருட்டு, அடியில் எஞ்சின் அதிர்வு. கப்பலில் படுத்திருக்கிறேனா வேனுக்குள் படுத்திருக்கிறேனா தெரியவில்லை என்று சொல்லிவிட்டு விளக்கைப் போட்டு உட்கார்ந்திருந்தான். காலையில், அலாஸ்காவுக்குப் போனால் பால்கனி அறை எடுக்கலாம், படுக்கையிலிருந்தே பனியைப் பார்க்கலாம் என்றான். அதற்குப் பிறகு அலாஸ்கா பற்றி அவன் பேசியதாகத் தெரியவில்லை. நோரீன்தான் பேசினாள்.

கையிலிருந்த பணத்தில் போயிருக்கலாம். இனாமாக வரப்போகிற ஒன்றுக்கு எதற்குப் பணம் கட்ட வேண்டும் என்பாள். பாயின்ட் ஏறும், அறையின் விலையும் ஏறும், பாயின்ட் எப்போதும் கொஞ்சம் போதாமல் இருக்கும். 2019இல் போதுமான அளவு சேர்ந்தது. அந்த வருடம் கம்பெனி எல்லாச் செலவுக்கும் இரட்டைப் பாயின்ட் கொடுத்தது. இன்னும் ஒரு வருடம் பொறுத்தால் கப்பலின் பின்பக்கப் பெரிய பால்கனி கிடைக்கும் என்று பொறுத்தாள். அடுத்த மார்ச்சில் கோவிட் வந்து கப்பல்கள் எல்லாம் நின்றன. மறுபடி ஓட ஆரம்பித்தபோது விலை எங்கேயோ போயிருந்தது.

ஹெர்ஷல் கோஸ்லாவ் மூன்றாம் மாடி. நியூ ஜெர்சியில் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக விபத்துக் கார்களை மதிப்புப் போட்டவன். போன வருடம் ஒருநாள் நீச்சல்குளத்து ஓரத்தில், ஒரு தபால் உறையின் பின்புறம் கணக்குப் போட்டுக் காட்டினான். டாலருக்கு ஒரு பாயின்ட், ஒரு பாயின்ட்டுக்கு ஒரு சென்ட். சாதாரண பாங்க் கார்டு டாலருக்கு இரண்டு சென்ட் பணமாகவே திருப்பிக் கொடுக்கிறது. அதை வைத்திருந்தால் அவள் கையில் ஆறாயிரத்துச் சொச்சம் இருக்கும். இப்போது இருப்பது மூவாயிரத்து நானூறு, அதுவும் ஒரே கம்பெனியின் கப்பலில் மட்டும் செல்லும்.

"பத்தொம்பது வருஷமா நீ அவங்களுக்குச் சம்பளம் இல்லாம வேலை பாத்திருக்க, நோரீன்."

எல்வுட் தொப்பியோடு தண்ணீரில் கழுத்தளவு நின்றிருந்தான். "உனக்கு நோட்டு வேணும், அவளுக்குக் கப்பல் வேணும். ஆளுக்கொண்ணு," என்றான். எல்லோரும் சிரித்தோம். நோரீன் உறையை வாங்கி மடித்துப் பைக்குள் வைத்தாள். கார்டை மாற்றவில்லை. இவ்வளவு வந்த பிறகு மாற்றினால் இதுவரை செய்ததற்கு அர்த்தம் இல்லை என்று என்னிடம் சொன்னாள்.

மார்ச்சில் எல்வுட்டுக்குக் கணையத்தில் புற்றுநோய் என்றார்கள். ஜூனில் மருத்துவம் போதும் என்று அவனே சொல்லிவிட்டான். கூடத்தில் சோபாவைத் தள்ளிவிட்டு வாடகைக் கட்டில் போட்டார்கள். அலாஸ்கா பேச்சு நின்றுபோனது.

கார்டின் பொடி எழுத்து விதிகளைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தவன் ஹெர்ஷல். திங்கள் மதியம், கெர்லின் போன பிறகு, அந்தத் தாளை எடுத்துக்கொண்டு மேலே வந்தான். நோரீனை நடைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினான். மனைவி கையில் இருப்பது கூடுதல் கார்டு மட்டும். கணக்கு அவளுடையது அல்ல. வாரிசுக்குப் போகாது. ஆனால் அவன் உயிரோடு இருக்கும்போது பதிவு செய்த அறை செல்லும். கூடப் போகிறவர் பெயர் டிக்கெட்டில் இருந்தால் அவர் தனியாகவும் போகலாம்.

"அவனையே பேசச் சொல்லணும். பதிவு பண்ற குரலை ரெக்கார்டு பண்ணுவாங்க," என்றான். தாளை மடித்துக்கொண்டே, "நான் சொல்லாம இருந்திருக்கணுமோ என்னவோ," என்றான்.

நோரீன் செவ்வாய் முழுக்க யோசித்தாள். அன்றைக்கு அவன் ஒரு மணி நேரம்தான் தெளிவாக இருந்தான், அப்போது சூப் கேட்டான். நாலு மணிக்கு ஒருமுறை மருந்து. மருந்து விட்டுப் பத்து நிமிடத்தில் தூக்கம். கம்பெனி போனை எடுப்பது காலை ஒன்பது மணியிலிருந்து. ஆறு மணி மருந்தைத் தள்ளிப்போட்டால்தான் நடக்கும். சாயங்காலம் அவனிடம் எல்லாவற்றையும் சொன்னாள், வலிக்கும் என்பதையும் சொன்னாள். அவன் தலையாட்டினான். டிவியில் பேஸ்பால் ஓடிக்கொண்டிருந்தது. தன்னிடம் தலையாட்டினானா ஆட்டத்தைப் பார்த்து ஆட்டினானா என்று அவளுக்குத் தெரியவில்லை. திரும்பக் கேட்கவில்லை.

ஒன்பது நாற்பதுக்குக் கிட்டார் நின்றது. எல்வுட்டின் நெற்றி நனைந்திருந்தது. கட்டிலின் இரும்புக் கம்பியைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்தன.

போனில் வந்த பெண் தன் பெயர் பிரிசில்லா என்றாள், எப்படி இருக்கிறீர்கள் என்றாள். எல்வுட் நன்றாக இருக்கிறேன் என்றான். பெயர், பிறந்த தேதி, அடையாள எண்ணின் கடைசி நான்கு இலக்கம், எல்லாம் சரியாகச் சொன்னான். பிறகு அவன் அம்மாவின் கல்யாணத்துக்கு முந்தைய குடும்பப் பெயரைக் கேட்டாள்.

"ஆல்மா," என்றான்.

"அது இல்ல சார். குடும்பப் பெயர்."

நோரீன் குனிந்து அவன் காதில் சொன்னாள்.

"மேடம், பக்கத்துலேர்ந்து யாரும் சொல்லிக் குடுக்கக் கூடாது. சார், இன்னும் ஒருதடவைதான் கேக்க முடியும். தப்பாச் சொன்னா கணக்கு பூட்டிக்கும்."

எல்வுட் கண்ணை மூடிக்கொண்டான். கீழே குளத்தில் யாரோ தண்ணீரில் நடக்கும் பயிற்சிக்குப் பாட்டுப் போட்டிருந்தார்கள். வாயைத் திறந்தபோது முதலில் முனகல் வந்தது. பிரிசில்லா, சார், இருக்கீங்களா என்றாள்.

"ஷ்டூட்லர். எஸ், டி, யு. அம்மா வீட்டுல எல்லாரும் அதான்."

சரியாக இருக்கிறது என்றாள். அதற்குமேல் வேகமாக நடந்தது. அடுத்த வருடம் மே மாதம் இரண்டாவது வாரம், ஏழு ராத்திரி, பழைய கப்பல், பால்கனி அறை. வரி மட்டும் பணமாகக் கட்ட வேண்டும். எத்தனை பேர் என்றாள். ஒருவர் போனாலும் இரண்டு பேருக்கான கட்டணம்தான், இரண்டு படுக்கை இருப்பதால். ஒன்று என்று நோரீன் விரலைக் காட்டினாள். தான் மட்டும் என்றுதான் தீர்மானித்து வைத்திருந்தாள்.

"ரெண்டு," என்றான் எல்வுட். தன் பெயரையும் அவள் பெயரையும் சொன்னான்.

"அலாஸ்காவுக்கு முதல் தடவையா சார்?"

"ஆமா."

"ரொம்பப் பிடிக்கும் உங்களுக்கு. மெதுவா நடக்கிறவங்களுக்கு, சக்கர நாற்காலிக்கு ஏதாவது ஏற்பாடு வேணுமா?"

நோரீன் வேண்டாம் என்றாள். மேடம் பேசக் கூடாது என்று பிரிசில்லா மறுபடி சொன்னாள். வேண்டாம் என்று எல்வுட் சொன்னான். உறுதிச் சீட்டு மின்னஞ்சலில் வரும், இந்த உரையாடல் எப்படி இருந்தது என்று ஒன்றிலிருந்து பத்துக்குள் மதிப்பெண் கொடுக்க முடியுமா என்றாள். நோரீன் போனை அணைத்தாள்.

அப்போது பத்து ஐந்து. மருந்துக் குழலை எடுக்க அவள் எழுந்தபோது எல்வுட் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்படித் தெளிவாகப் பார்த்து ஒரு வாரம் ஆகியிருந்தது.

"உன் வேலை முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது."

"அப்ப குடு."

குழலின் நுனியை நாக்கின் அடியில் வைத்து அழுத்தினாள். அவன் வாயை மூடிக்கொண்டு கூரையைப் பார்த்தான். வலி பிடித்திருந்ததால் மருந்து வேலை செய்ய முக்கால் மணி நேரம் ஆனது. அதுவரை கம்பியை விடவில்லை. அவள் கையைக் கொடுத்தாள், அதைப் பிடிக்கவில்லை. பிடிக்கத் தெரிந்திருக்காது என்று பின்னால் என்னிடம் சொன்னாள். பிடிக்க விருப்பம் இருந்திருக்காது என்றும் சொன்னாள்.

பதினொன்றரைக்குக் கெர்லின் வந்தாள். ஹைட்டியிலிருந்து வந்தவள், அதிகம் பேசமாட்டாள். குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருந்த மருந்து நேரத் தாளைப் பார்த்தாள், புட்டியை வெளிச்சத்தில் பிடித்து அளவைப் பார்த்தாள்.

"ஆறு மணிக்குக் குடுக்கலயாம்மா?"

"தூங்கிட்டிருந்தான்."

கெர்லின் எல்வுட்டின் உள்ளங்கையை விரித்தாள். கம்பியின் வரி ஆழமாகப் பதிந்திருந்தது. கட்டை விரலால் அதைத் தேய்த்துவிட்டாள். "தூங்கினாலும் எழுப்பிக் குடுங்க. வலி முன்னாடி போயிட்டா அதை நம்மால எட்டிப் பிடிக்க முடியாது," என்றாள். தாளில் ஆறு மணிக்கு எதிரே ஒரு கோடு போட்டுத் தன் பெயரின் முதல் எழுத்தை எழுதினாள். இனி மூன்று மணிக்கு ஒருமுறை, கொஞ்சம் கூடுதலாக என்றாள்.

சாயங்காலம் ஹெர்ஷல் கதவைத் தட்டினான். உள்ளே வரவில்லை. நடந்ததா என்று கேட்டான், நடந்தது என்றாள். நல்லது என்றான்.

"கேக்கணும்னு கேக்கல," என்றான் ஹெர்ஷல், "அவன் ஏதாவது பேசினானா?"

"போன்ல நல்லாப் பேசினான்," என்றாள் நோரீன்.

மறுநாள் வியாழன். எல்வுட் விழிக்கவில்லை. மூச்சுக்கு நடுவே இடைவெளி கூடிக்கொண்டே வந்து, பிற்பகல் இரண்டு பத்துக்கு நின்றது. நோரீன் பக்கத்தில் இருந்தாள். கெர்லின் இரண்டேமுக்காலுக்கு வந்து நேரத்தை எழுதினாள். மிச்ச மருந்தை யாரும் எடுத்துப் பயன்படுத்தாதபடி பூனைக் கழிவு மணலில் கொட்டிக் கலந்தாள், அதைப் பார்த்ததற்குச் சாட்சியாக நான் கையெழுத்துப் போட்டேன். நாலு மணிக்கு இரண்டு பேர் வந்து உடலை எடுத்துப் போனார்கள். மின்தூக்கியில் ஸ்ட்ரெச்சர் நேராகக் கொள்ளாததால் கொஞ்சம் நிமிர்த்த வேண்டியிருந்தது. வாடகைக் கட்டிலை நாளைக்குத்தான் எடுப்பார்களாம். நோரீன் அதன் விரிப்புகளை உருவித் துவைக்கப் போட்டாள். அறை எண்ணும் இரண்டு பெயர்களும் போட்ட உறுதிச் சீட்டு காலையிலேயே வந்திருந்தது. ஹெர்ஷல் அதைத் தாளில் எடுத்துக் கொண்டுவந்து மேஜையில் வைத்தான். எல்வுட் போனதைக் கார்டு கம்பெனிக்குத் திங்களன்று சொன்னால் போதும் என்றான். யாரோ கோழி சூப் அனுப்பியிருந்தார்கள். நோரீன் பாதி குடித்தாள்.