ஒன்பது பேஜர்களும் மேரியம்மாவும்

வெள்ளிக்கிழமை கடையைத் திறந்து சற்று நேரத்தில் மேரியம்மாவின் தம்பி வந்து நின்றார். "அக்கா போயிருச்சுண்ணே" என்றார். அவரை உட்காரச் சொல்லக்கூட எனக்குத் தோன்றவில்லை.

நம் பம்புசெட் கடைக்கு மோட்டார் ரிப்பேர் என்று போன் செய்த எல்லோருக்கும் அந்தக் குரல் தெரியும். டைப்ரைட்டிங் டீச்சராக இருந்தவரை, கம்ப்யூட்டர் வாங்கியபோது நான்தான் வேலைக்கு அழைத்தேன். ஒன்பது மெக்கானிக், ஒன்பது பேஜர். இங்கே அவர் கம்ப்யூட்டரில் தட்டினால் அங்கே அவர்கள் இடுப்பில் சத்தம் கேட்கும், பேஜரில் எழுத்து ஓடும். சாக்கோட்டையில் வேலை முடித்தவனை அப்படியே பக்கத்துக் கிணற்றுக்குத் திருப்பிவிடுவார். எனக்குப் பெட்ரோல் மிச்சம்.

தாமதமாகப் போனவனைத் திட்டிச் செய்தி அனுப்பச் சொன்னால் மட்டும் தட்டமாட்டார். "திட்டுறதா இருந்தா நேர்ல திட்டுங்கண்ணே. நாலு பேரு முன்னாடி அவன் இத வாசிக்கணும்ல?"

ஒரு நாள் அவர் சாப்பிடப் போயிருந்த நேரம், மெக்கானிக் ஆறுமுகத்தின் அப்பா இறந்துவிட்டதாக ஆள் வந்தது. ஆறுமுகம் சிங்கம்புணரியில் இருந்தான். இதற்கு மேரியம்மா எதற்கு என்று நானே உட்கார்ந்து, 'அப்பா இறந்துவிட்டார், உடனே வா' என்று ஆங்கிலத்தில் தட்டினேன். பெயர் போடவில்லை. காலையில் அவர் திரையில் ஒன்பது பெயருக்கும் போட்டிருந்த டிக் அப்படியே இருந்ததையும் பார்க்கவில்லை.

பத்து நிமிடத்தில் போன் அலறியது. "முதலாளி, எங்கப்பாவா? காலைல நல்லாத்தான இருந்தாரு!" வைத்தால் அடுத்தவன், அவனும் அழுகிறான்.

உள்ளே வந்த மேரியம்மா திரையைப் பார்த்தார். "என்ன காரியம்ணே செஞ்சு வச்சிருக்கீக!" ரிசீவரைப் பிடுங்கி, எட்டுப் பேருக்கும் பெயர் சொல்லிச் சொன்னார்: "உங்கப்பா நல்லாருக்காரு. தப்பு எங்க மேலதான்."

கடைசியில் ஆறுமுகம் போன் செய்தான். பாதி வழியில் இன்னொரு மெக்கானிக்கைப் பார்த்திருக்கிறான். "எல்லாருக்கும் வந்துச்சாம்ல டீச்சர்? தப்பா அனுப்பிட்டீகளா?" அவன் சிரிப்பது எனக்கே கேட்டது.

மேரியம்மா கண்ணை மூடிக்கொண்டார். "அந்த போன் பூத்துலயே இருப்பா. நான் அங்குட்டு வாரேன்."

வேனை எடுக்கச் சொன்னார். "நீங்க வர வேணாம்ணே" என்றார். அது எனக்கு நிம்மதியாக இருந்தது, இன்றைக்கு ஒத்துக்கொள்கிறேன். என் தப்பை அவர்தான் சுமந்துகொண்டு போனார். பின்னர் ஆறுமுகம் என்னிடம் சொன்னது ஒன்றுதான்: "டீச்சர் வேன்ல இருந்து எறங்குற வரைக்கும் எனக்கு எங்கப்பா உசுரோடதான் இருந்தாரு முதலாளி." மேரியம்மா அன்று சாயங்காலம்வரை அவனோடு இருந்துவிட்டுத்தான் திரும்பினார். என் தப்பைப் பற்றி ஒரு வார்த்தை குத்திக் காட்டியதும் இல்லை.

இந்த வெள்ளிக்கிழமை ஆறுமுகம் நாட்டரசன்கோட்டையில் ஒரு தோட்டத்தில் இருந்தான். கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு நானே போனேன். "என்ன முதலாளி, நீங்களே வந்திருக்கீக?" என்று கிணற்றிலிருந்து ஏறி வந்தவன், என் முகத்தைப் பார்த்ததும் ஸ்பேனரைக் கீழே வைத்தான்.

மேரியம்மாவிடமிருந்து நான் கற்றுக்கொண்டது இவ்வளவுதான்: சொன்னதோடு நான் திரும்பிவிடவில்லை. அவன் அழுது முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றேன்.